கட்டைவிரலை மடக்கும் சின்னத் தசை: தேடிப் பிரித்தெடுக்க ஒரு முழு வழிகாட்டி

முதலாண்டு மாணவர்கள் உள்ளங்கையைத் திறக்கும் வாரத்தில், எல்லா மேசையிலிருந்தும் ஒரே கேள்விதான் வரும்: "சார், எஃப்.பி.பி. எங்க சார்?" வேலூரில் ஓர் உடற்கூறியல் துறையில் பல வருடமாக டிசெக்‌ஷன் மேசையோரம் நிற்கிறேன். ஒரு வருடமும் இந்தக் கேள்வி தப்பியதில்லை.

எஃப்.பி.பி. என்பது ஃப்ளெக்ஸார் பாலிசிஸ் பிரெவிஸ், அதாவது கட்டைவிரலின் குறுமடக்கி. சிறிய தசை. அக்கம்பக்கத்துத் தசைகளோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்கு இரண்டு தலை (தசை கிளம்பும் பகுதிகள்), பெரும்பாலும் இரண்டு நரம்பு. புத்தகப் படத்தில் இருக்கும் பளிச்சென்ற எல்லைக்கோட்டை மேசையில் தேடினால் கிடைக்காது.

அதனால் தசையை நேராகத் தேடாதீர்கள். அதைச் சுற்றி எளிதில் அடையாளம் தெரியும் மூன்று பொருள்கள் இருக்கின்றன: கட்டைவிரல் நுனியை மடக்கும் நீள்மடக்கியின் தசைநாண், முன்கையிலிருந்து உள்ளங்கைக்கு வரும் மீடியன் நரம்பின் திரும்பும் கிளை, கட்டைவிரல் நடுமூட்டின் வெளிப்பக்கத்தில் (சுண்டுவிரலுக்கு எதிர்ப்பக்கம்) எள்ளுப்போல இருக்கும் செசமாய்டு எலும்பு. இவற்றைப் பிடித்துவிட்டால், குறுமடக்கி எது என்பதில் சந்தேகமே வராது. கீழே உள்ள வரிசை அந்த எண்ணத்தில் போட்டதுதான். வரிசையை மாற்றிச் செய்தவர்கள்தான் பெரும்பாலும் என்னைக் கூப்பிடுகிறார்கள்.

1. முதலில் திசைகளைச் சரிசெய்துகொள்ளுங்கள்

உங்கள் கையை மேசைமேல் மல்லாத்தி வையுங்கள். நான்கு விரல்களின் நகங்களும் மேசையைப் பார்க்கும். கட்டைவிரல் நகம் மட்டும் பக்கவாட்டில் பார்க்கும். மற்ற விரல்களோடு ஒப்பிட்டால் கட்டைவிரல் ஏறத்தாழ 90 டிகிரி திரும்பி உட்கார்ந்திருக்கிறது.

இதை மனதில் வாங்காதவர்களுக்கு அதன்பிறகு எல்லாமே குழப்பம்தான். கட்டைவிரலை மடக்குவது என்றால் உள்ளங்கையின் மேலாக, சுண்டுவிரல் பக்கம் வழுக்கிக்கொண்டு போவது. அதைக் கூரையைப் பார்த்து நிமிர்த்தித் தூக்கினால் அது விலக்குவது, மடக்குவதில் சேராது. சுண்டுவிரல் நுனியைத் தொடுவது மடக்கல், விலக்கல், சுழற்சி மூன்றும் சேர்ந்த அசைவு.

மூட்டுகளுக்கு இங்கே மூன்று எளிய பெயர் வைத்துக்கொள்கிறேன். மணிக்கட்டோரம் இருப்பது அடிமூட்டு. பிறகு நடுமூட்டு. நகத்துக்குக் கீழே நுனிமூட்டு. குறுமடக்கி முக்கியமாக நடுமூட்டை மடக்குகிறது, அடிமூட்டுக்கும் கொஞ்சம் உதவுகிறது. நுனிமூட்டை அது தொடுவதே இல்லை. இந்த ஒரு வரி கடைசிவரை நமக்கு வேலைக்கு வரும்.

2. உங்கள் கையிலேயே தொட்டுப் பாருங்கள்

இதைத் தவிர்த்துவிட்டு யாரும் கத்தியை எடுக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். மேசையில் இருக்கும் தசை அசையாது. உங்கள் கையில் இருப்பது அசையும். அசைவைத் தெரிந்துகொண்டு போனால்தான் அசையாததைப் பார்த்துப் புரியும். செய்து முடிக்க ஐந்து நிமிடம் போதும்.

வலது கையை மல்லாத்தி வைத்து, இடது கையின் ஆள்காட்டி விரலைக் கட்டைவிரல் மேட்டின் மேல் வையுங்கள். கட்டைவிரலைக் கூரை நோக்கித் தூக்குங்கள். மேட்டின் வெளிப்பாதி கெட்டியாகும். அது குறுவிலக்கி, அப்டக்டார் பாலிசிஸ் பிரெவிஸ்.

இப்போது விரலைத் தளர்த்துங்கள். நுனிமூட்டை நேராகவே வைத்துக்கொண்டு, நடுமூட்டை மட்டும் மடக்குங்கள். கெட்டியாகும் இடம் மாறுவது தெரிகிறதா? மேட்டின் உள்பாதி, உள்ளங்கைக் குழியை ஒட்டிய இடம் திரளும். அங்கேதான் நம் ஆள் இருக்கிறார்.

மூன்றாவதாக நுனிமூட்டை மட்டும் மடக்கிப் பாருங்கள். மேடு அதிகம் அசையாது, ஆனால் முன்கையில் ஓர் அசைவு தெரியும். நீள்மடக்கியான ஃப்ளெக்ஸார் பாலிசிஸ் லாங்கஸின் உடல் முன்கையில் இருக்கிறது, அதன் தசைநாண் மட்டும்தான் விரலுக்கு வருகிறது.

குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாணவிக்கு இந்த வித்தியாசம் பிடிபடவே இல்லை. நுனியை மடக்காமல் நடுமூட்டை மடக்க அவருக்கு வரவில்லை. "வீட்டுல யாராவது கை வேலை செய்யறவங்க இருக்காங்களாம்மா?" என்று கேட்டேன். "அம்மா பீடி சுத்துவாங்க சார்" என்றார். "அம்மா மாதிரி சுத்திக் காட்டுங்க" என்றேன். இல்லாத இலையைப் பிடித்து இரண்டு முறை உருட்டினார். கட்டைவிரல் நுனி நேராக நின்றது, நடுமூட்டு மடங்கி மடங்கி நிமிர்ந்தது. அவர் இன்னொரு கையை எடுத்து அந்த மேட்டின் உள்பாதியில் வைத்தேன். அந்த நொடியில் புரிந்துவிட்டது. உங்களுக்கும் வரவில்லையென்றால் கைக்குப் பழகிய ஏதாவது ஒரு வேலையைச் செய்து பாருங்கள்.

3. எலும்புகள்

துறையில் கம்பியில் கோத்த கை எலும்புக்கூடு இருக்கும். அதை ஒரு கையிலும், உங்கள் சொந்தக் கையை எதிரிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டைவிரல் மேட்டின் அடியில், மணிக்கட்டு மடிப்பின் மேல் விரலை அழுத்தினால் ஒரு முண்டு தட்டுப்படும். அது ஸ்கேஃபாய்டு எலும்பின் முண்டு. அதைத் தாண்டி விரல் பக்கமாகச் சற்று நகர்ந்தால் ட்ரபீசியத்தின் முண்டு. எதிர்ப்பக்கம், சுண்டுவிரல் ஓரத்தில் உருண்டையாக இருப்பது பிசிஃபார்ம். அதைத் தாண்டி ஆழத்தில் ஹாமேட் எலும்பின் கொக்கி. இந்த நான்கு தூண்களின் மேல் கட்டிய பட்டைதான் ஃப்ளெக்ஸார் ரெட்டினாகுலம். மணிக்கட்டில் வாட்ச் பட்டை போடும் இடத்தில் அது இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். இல்லை, உள்ளங்கையின் அடிப்பகுதியில் இருக்கிறது. அதன் மேல் விளிம்புதான் மணிக்கட்டு மடிப்பை ஒட்டி வருகிறது.

குறுமடக்கியின் மேல்தலை இந்தப் பட்டையின் கீழ்விளிம்பிலிருந்தும் ட்ரபீசியத்தின் முண்டிலிருந்தும் கிளம்புகிறது. ஆழ்தலை உள்ளே ட்ரபீசாய்டு, கேபிடேட் எலும்புகளிலிருந்தும் அங்கிருக்கும் இணைப்பு நார்களிலிருந்தும் வருகிறது. இரண்டும் சேர்ந்து முடியுமிடம் ஒன்றுதான்: நடுமூட்டின் வெளிப்பக்கத்துச் செசமாய்டு எலும்பும், அதை அடுத்த முதல் விரலெலும்பின் அடிப்பகுதியின் வெளிப்பக்கமும்.

செசமாய்டு என்ற பெயரே எள்ளிலிருந்து வந்தது. நடுமூட்டின் உள்ளங்கைப் பக்கத்தில் வெளியே ஒன்று, உள்ளே ஒன்று என்று இரண்டு இருக்கும். கோத்த எலும்புக்கூட்டில் இவை பெரும்பாலும் தொலைந்திருக்கும், அதனால் மாணவர்கள் மறந்துவிடுகிறார்கள். மறக்காதீர்கள். ஒன்பதாம் படியில் எது எந்தத் தசை என்று தீர்ப்புச் சொல்லப்போவது இந்த இரண்டு எள்ளுகள்தான்.

4. மேசையில் கையைத் தயார்செய்தல்

பதப்படுத்திய உடலின் கை பெரும்பாலும் பாதி மூடியே இருக்கும். அப்படியே அறுக்க ஆரம்பித்தால் கத்தியின் ஆழம் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்காது. விரல்களை மெதுவாக விரித்து, ஒரு பலகையில் நூலால் கட்டுங்கள். கட்டைவிரலைத் தனியாக, மேட்டின் தோல் லேசாக இழுபடும்படி விலக்கிக் கட்டுங்கள். ஒருவர் பிடிக்க ஒருவர் கட்டினால் சீக்கிரம் முடியும். வலுக்கட்டாயமாக நிமிர்த்த வேண்டாம், தசைநாண் அறுந்துபோகும்.

தேவையானவை: 15-ஆம் எண் பிளேடு போட்ட சின்னக் கத்தி, பல் வைத்த ஃபோர்செப்ஸ் ஒன்று, பல் இல்லாதது ஒன்று, மஸ்கிட்டோ ஃபோர்செப்ஸ் (மெல்லிய நுனி இடுக்கி), முனை மழுங்கிய புரோப் (துழாவும் கம்பி), மூன்று நிறத்தில் தையல் நூல். நூல் எதற்கு என்று கேட்பார்கள். கண்டுபிடித்த ஒவ்வொன்றுக்கும் அப்போதே நூல் சுற்றிவிட வேண்டும். நரம்புக்கு மஞ்சள், நாணுக்கு நீலம் என்று வைத்துக்கொள்ளலாம். மறுநாள் வரும்போது எது எது என்று மறந்துபோகும்.

அப்புறம் ஈரம். நம் ஊர் ஏப்ரல், மே வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மின்விசிறிக்குக் கீழே திறந்து வைத்த கை சீக்கிரம் காய்ந்துவிடும். காய்ந்த தசைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பலகைபோல ஆகும், அதற்குப்பின் அவற்றைப் பிரிக்க முடியாது. வேலை செய்யாத பகுதியைப் பதக் கரைசலில் நனைத்த துணியால் மூடியே வையுங்கள். தன் உடலைப் படிப்புக்குக் கொடுத்த ஒருவரின் கை இது. அது வீணாகாமல் பார்ப்பது நம் கடமை.

5. தோலை எடுத்தல்

மணிக்கட்டு நடுவிலிருந்து நடுவிரல் அடிவரை ஒரு கோடு. விரல்களின் அடியில் குறுக்கே ஒரு கோடு. கட்டைவிரலின் நடுவில் நீளவாக்கில் ஒரு கோடு, அதை முதல் கோட்டோடு சேர்த்துவிடுங்கள்.

உள்ளங்கை நடுவில் தோல் தடிமன். கீழே கொழுப்பும் நாரும் இறுகப் பின்னியிருக்கும், அங்கே கத்தியை அழுத்தித்தான் ஆக வேண்டும். ஆனால் அதே அழுத்தத்தோடு கட்டைவிரல் மேட்டுக்கு வந்தால் தொலைந்தது. மேட்டின் மேல் தோலும் மெல்லிசு, கீழே தசையைப் போர்த்தியிருக்கும் உறையும் மெல்லிசு. அதற்கு அடியிலேயே நரம்பு இருக்கிறது.

நான் மாணவனாக இருந்தபோது எங்கள் மேசையில் நடந்தது இதுதான். கொழுப்பு என்று நினைத்து மேட்டின் உள்விளிம்பில் ஒரு துண்டைச் சீவி எடுத்தேன். அதோடு திரும்பும் கிளையும் போய்விட்டது. எங்கள் குழுவில் ஆறு பேரும் அந்த நரம்பை அடுத்த மேசையில் போய்த்தான் பார்த்தோம். அதனால்தான் சொல்கிறேன், மேட்டின் மேல் தோலை மட்டும் எடுங்கள். கொழுப்பைக் கத்தியால் தொடாதீர்கள். அதைப் பிறகு புரோப்பால் தள்ளித் தள்ளி எடுக்கலாம்.

6. தசைக்கு முன்னால் நரம்பு

உள்ளங்கை நடுவில் விசிறிபோல விரிந்திருக்கும் வெள்ளைப் படலத்தை, ரெட்டினாகுலத்தின் கீழ்விளிம்பில் குறுக்கே வெட்டி, விரல்கள் பக்கம் தூக்கி மடியுங்கள். அடியில் தமனி வளைவும், விரல்களுக்குப் போகும் நரம்புகளும் இருக்கும், அதனால் படலத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே அறுக்க வேண்டும்.

இப்போது ரெட்டினாகுலத்தின் கீழ்விளிம்பைச் சுத்தப்படுத்துங்கள். அதற்கு அடியிலிருந்து மீடியன் நரம்பு வெளியே வந்து கிளைகளாகப் பிரிவது தெரியும். அதன் கட்டைவிரல் பக்கத்திலிருந்து ஒரு குட்டைக் கிளை புறப்பட்டு, வந்த வழியே பின்னால் வளைந்து மேட்டுக்குள் நுழையும். இதுதான் திரும்பும் கிளை. குறுவிலக்கிக்கும், கட்டைவிரலை மற்ற விரல்களுக்கு எதிரே கொண்டுவரும் ஆப்போனென்ஸ் தசைக்கும், குறுமடக்கியின் மேல்தலைக்கும் இதிலிருந்தே கட்டளை போகிறது. கண்டதும் நூல் சுற்றுங்கள்.

விளிம்பில் காணவில்லையா? "இல்லை சார்" என்று சொல்லிவிடாதீர்கள். சில கைகளில் இந்தக் கிளை ரெட்டினாகுலத்துக்கு அடியிலேயே பிரிந்துவிடும். சிலவற்றில் ரெட்டினாகுலத்தைத் துளைத்துக்கொண்டு வரும். பட்டையை வெட்டும் அறுவை செய்பவர்கள் பயப்படுவதும் இதற்குத்தான். ஆகவே பட்டையை அவசரப்பட்டு வெட்டாமல், அதன் வெளிப்பாதியை நாராக நாராக விலக்கிப் பாருங்கள்.

தசையைப் பிரிக்கும் முன் நரம்பைத் தேடுவதற்குக் காரணம் எளிது. பிரித்த தசைக்குள் நரம்பைத் தேட முடியாது, அது அதற்குள் அறுந்திருக்கும்.

7. மேல்தலையைப் பிரித்தல்

நரம்பு நூலில் பத்திரமாக இருக்கிறது. சரி, இப்போது மேட்டின் மேல் உறையைக் கழற்றுங்கள். வெளிப்பக்கம் குறுவிலக்கி, உள்பக்கம் குறுமடக்கியின் மேல்தலை. இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு இருக்க வேண்டும். பல கைகளில் அது இருக்காது, இரண்டும் ஒரே தசைபோலத் தெரியும்.

இங்கே கத்தி வேண்டாம். மஸ்கிட்டோ ஃபோர்செப்ஸை மூடியபடி தசையின் நடுப்பகுதியில் நுழைத்து, நார்கள் ஓடும் திசையிலேயே திறங்கள். நார்கள் சற்றே வேறு கோணத்தில் ஓடும் இடத்தில் அவை தாமாக விலகும். விலகாவிட்டால், குறுவிலக்கியின் வெளிவிளிம்பிலிருந்து புரோப்பை அடியில் விட்டு உள்பக்கமாக நகர்த்திக்கொண்டே வாருங்கள். அடியில் ஆப்போனென்ஸ் கிடக்கும். புரோப் எங்கே தடைபடுகிறதோ அதுதான் எல்லை என்று தோராயமாக எடுத்துக்கொள்ளலாம்.

அடிக்கடி நடக்கும் தவறு ஆப்போனென்ஸைக் குறுமடக்கி என்று சொல்வது. முடியும் இடத்தைப் பாருங்கள். ஆப்போனென்ஸ் கட்டைவிரலின் மெட்டகார்ப்பல் எலும்பின் (அடிமூட்டுக்கும் நடுமூட்டுக்கும் இடையிலுள்ள எலும்பு) வெளிப்பக்கம் நெடுகப் பற்றிக்கொண்டு அங்கேயே நின்றுவிடும். நடுமூட்டைத் தாண்டாது. தாண்டாத தசை அந்த மூட்டை எப்படி மடக்கும்? குறுமடக்கியோ மூட்டைத் தாண்டி முதல் விரலெலும்புக்குப் போகும்.

8. நீள்மடக்கியின் நாண்

கட்டைவிரலுக்கு வாருங்கள். முதல் விரலெலும்புக்கு முன்னால் இருக்கும் நார்க்குழாயை நீளவாக்கில் கீறுங்கள். உள்ளே பளபளப்பான, உறுதியான ஒரு நாண். அதன் அடியில் நீலநூலைக் கோத்துத் தூக்குங்கள். இரண்டு செசமாய்டு எலும்புகளுக்கு நடுவே அது வண்டிப்பாதையில் வருவதுபோல வரும்.

இப்போது அதைப் பிடித்துக்கொண்டே உள்ளங்கைக்குள் பின்னோக்கிப் போங்கள். மேல்தலையின் உள்விளிம்புக்கு அடியில் அது மறையும். மேல்தலையை வெட்ட வேண்டாம், ஒரு நூலைக் கட்டி வெளிப்பக்கம் இழுத்துப் பிடித்தால் போதும். நாணுக்கு மேலே இருப்பது மேல்தலை, கீழே இருக்கப்போவது ஆழ்தலை. இந்த நாண் இல்லாமல் ஆழ்தலையைக் கண்டுபிடித்தவரை நான் பார்த்ததில்லை.

9. ஆழ்தலை: இங்கேதான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள்

நாணை நூலால் ஒதுக்குங்கள். கீழே, ஆழத்தில், சாய்வாக ஓடும் தசை நார்கள் தெரியும். பார்த்தவுடன் "ஆழ்தலை" என்று எழுதிவிடுவார்கள். பெரும்பாலும் அது கட்டைவிரலை உள்ளங்கையோடு சேர்க்கும் அடக்டார் பாலிசிஸின் சாய்தலை. அது பெரியது, கண்ணில் முதலில் படும். ஆழ்தலை மெலிந்த ஒரு கீற்று. சில கைகளில் இருக்கிறதா என்று சந்தேகப்படும் அளவுக்குச் சிறியது.

பிரிக்கும் வழி ஒன்றே. புரோப்பை நார்களோடு ஓட்டி, அவை எந்த எள்ளுக்குப் போகின்றன என்று பாருங்கள். உள்பக்கத்துச் செசமாய்டுக்குப் போனால் அடக்டார். நாணுக்கு அடியில் குறுக்கே கடந்து, வெளிப்பக்கத்துச் செசமாய்டுக்கு வந்து மேல்தலையோடு சேர்ந்தால் அது ஆழ்தலை. கிளம்பும் இடத்தை வைத்துத் தீர்மானிக்காதீர்கள். கேபிடேட் எலும்பிலிருந்து இரண்டுமே கிளம்புகின்றன, அங்கே அவை பின்னிக்கிடக்கும்.

இந்தக் கீற்றை எந்தத் தசையோடு சேர்ப்பது என்பதில் புத்தகங்களே ஒத்துப்போவதில்லை. நீங்கள் எந்தப் புத்தகத்தை வைத்துப் படித்தாலும், மேசையில் கண்டதை அப்படியே வரைந்து வையுங்கள். வாய்மொழித் தேர்வில் "என் கையில் இப்படி இருந்தது" என்று படம் காட்டியவரை யாரும் குறை சொன்னதில்லை.

10. இரண்டாவது நரம்பு

அடக்டாரின் சாய்தலைக்கும் குறுக்குத்தலைக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கும். சுண்டுவிரல் பக்கமாகக் கைக்குள் வரும் அல்னார் நரம்பின் ஆழ்கிளை அங்கே, ஆழ்ந்த தமனி வளைவுக்குப் பக்கத்தில் வரும். அதன் கடைசி இழைகள் அடக்டாருக்கும், பெரும்பாலான கைகளில் குறுமடக்கியின் ஆழ்தலைக்கும் போகும். இழை மிகவும் மெல்லியது, கிடைக்காவிட்டால் மனம் தளர வேண்டாம்.

மேல்தலைக்கு மீடியன், ஆழ்தலைக்கு அல்னார் என்பது பொதுவான அமைப்பு. இரண்டு தலைக்கும் ஒரே நரம்பு போகும் கைகளும் உண்டு. சிலரது உள்ளங்கையில் இந்த இரண்டு நரம்புகளும் ஒன்றோடொன்று கைகோத்துக்கொள்ளும்.

11. மறுபடி உயிருள்ள கை

சோதிக்கப்படுபவரின் முன்கையும் கையும் மேசைமேல் மல்லாந்து இருக்கட்டும். கட்டைவிரலின் மெட்டகார்ப்பல் எலும்பை ஒரு கையால் அசையாமல் பிடியுங்கள். நுனியை நேராக வைத்து நடுமூட்டை மடக்கச் சொல்லி, முதல் விரலெலும்பின் உள்ளங்கைப் பக்கத்தில் உங்கள் விரலை வைத்துத் தடுங்கள். நுனி மடங்க ஆரம்பித்தால் நீள்மடக்கி உதவிக்கு வந்துவிட்டது என்று பொருள். அந்தச் சோதனை செல்லாது, திரும்பச் செய்யுங்கள்.

மணிக்கட்டில் மீடியன் நரம்பு நசுங்கிய ஒருவரிடம் இந்தச் சோதனையை மட்டும் செய்துவிட்டு "நார்மல்" என்று எழுதிய மாணவர்கள் உண்டு. அல்னார் நரம்பு பெறும் ஆழ்தலை நன்றாக இருந்தால் நடுமூட்டு மடங்கத்தான் செய்யும். மீடியனைச் சோதிக்க வேண்டுமென்றால் குறுவிலக்கியைப் பாருங்கள்: கட்டைவிரலைக் கூரை நோக்கித் தூக்கச் சொல்லித் தடுத்துப் பாருங்கள். மேட்டின் வெளிப்பாதி வற்றியிருக்கிறதா என்று இரண்டு கையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

அல்னார் போயிருந்தால் வேறு காட்சி. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு காகிதத்தைச் சாவி பிடிப்பதுபோலப் பிடிக்கச் சொல்லி இழுங்கள். நடுமூட்டு பின்னால் வளைந்து, நுனிமூட்டு கொக்கிபோல மடங்கும். அடக்டாரும் ஆழ்தலையும் விட்ட வேலையை நீள்மடக்கி தனியாகச் செய்யப் பார்க்கிறது.

வேலூரில் படிப்பவர்கள் தொழுநோயால் பாதித்த கைகளை நிச்சயம் பார்ப்பீர்கள். அங்கே பெரும்பாலும் முழங்கையருகே அல்னார் முதலில் போகும், பிறகு மணிக்கட்டருகே மீடியன். இரண்டும் போன கையில் கட்டைவிரல் உள்ளங்கையோடு ஒரே தளத்தில் படுத்துக்கிடக்கும். அந்தக் கையைச் சோதிக்கும்போது உங்கள் நகம் அவர் தோலில் படாமல், விரலின் சதைப்பகுதியால் மட்டும் தடுங்கள். அந்த விரலில் உணர்வு இருக்காது. நீங்கள் காயப்படுத்தினாலும் அவருக்குத் தெரியாது, அதனால் சொல்லவும் மாட்டார்.